அக்கா ஒட்டிவைத்த சீட்டு

மலேசியாவில், எங்கள் குளுவாங் அலுவலகத்து மேசைத் தொலைபேசியின் மண்டையில் செலோடேப் போட்டு ஒட்டிய சீட்டு ஒன்று இருந்தது. "தெரியாத ஆளா, சாலா நொம்போர்" என்று நீல மையில் எழுதியிருக்கும். தப்பான நம்பர் என்று மலாயில் சொல்லி வைத்துவிட வேண்டும் என்று அர்த்தம். எழுதியவர் எங்கள் குமாஸ்தா, கிராணி அக்கா. செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து விற்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் பில் போடுவது, போன் எடுப்பது, முதலாளியின் கோபத்தை வாங்கிக்கொள்வது எல்லாம் அவர்தான். கம்ப்யூட்டர் மட்டும் என் பொறுப்பு. போலீஸ் என்றும் பேங்க் என்றும் சொல்லிக்கொண்டு மோசடிக்காரர்கள் தினமும் கூப்பிடுகிற காலம் இது. அந்தச் சீட்டு அங்கே சும்மா ஒட்டியிருக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை, சிங்கப்பூரிலிருந்து எங்கள் பெரிய வாடிக்கையாளரின் கடிதம் வந்தது. எங்கள் மெயில் சர்வரில் இருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் நாங்களே தயாரித்துக்கொண்டது, வெளியார் யாரும் உறுதி செய்யாதது. வெள்ளிக்கிழமைக்குள் முறையான ஒன்றைப் போடாவிட்டால் எங்கள் மெயிலை வாங்க மாட்டார்களாம். ஆர்டரும் வேறு கம்பெனிக்குப் போய்விடுமாம். பட்டறையில் பாதிப் பேரின் வேலை அந்த ஆர்டரை நம்பித்தான் இருந்தது. நான் முதலாளியிடம் போய், இலவசமாகவே சான்றிதழ் கிடைக்கிறது, சர்வரின் பெயர் நம்முடையதுதானா என்று மட்டும் பார்ப்பார்கள், அரை மணி நேர வேலை, காசு கொடுத்து வாங்கினாலும் பூட்டு அதே பூட்டுதான் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"சும்மா குடுக்கிறத மாட்டிக்கிட்டு சிங்கப்பூர்காரன் முன்னால நிக்கச் சொல்றியா? கம்பெனி பேரு போட்டதா, பெருசா ஒன்னு எடு லா!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெரியது என்றால் தொல்லையும் பெரியது. இப்படி ஒரு கம்பெனி உண்மையிலேயே இருக்கிறதா என்று விசாரித்து, பதிவுப் பத்திரம் பார்த்து, கடைசியில் எல்லாருக்கும் தெரிந்த அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசி உறுதி செய்துகொண்ட பிறகுதான் தருவார்கள். அன்றைக்கே விண்ணப்பித்தேன். செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமையும் நடக்கவில்லை. வியாழன் காலை சான்றிதழ் கம்பெனிக்கு நானே எழுதிக் கேட்டேன். மூன்று முறை கூப்பிட்டோம், மூன்று முறையும் ஒரு பெண்மணி ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார் என்று பதில் வந்தது. அடக் கடவுளே! எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ தெரியாது.

"எவனோ ஒருத்தன் இங்கிலீஷ்ல கம்பெனி பேரு, மொதலாளி பேரு எல்லாம் கேட்டான் தம்பி. ஏமாத்துற ஆளுன்னு நெனச்சேன்," என்றார் அக்கா.

"அலமாக்! எல்லார் பொழப்புலயும் மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேக்கா. இனிமே மெயில் விஷயமா யாரு கூப்பிட்டாலும், என்ன கேட்டாலும் சொல்லுங்க. ஒன்னையும் மறைக்காதீங்க!"

அலுவலகமே பார்க்க, அந்தச் சீட்டைப் பிய்த்துக் கசக்கிக் குப்பையில் போட்டேன். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் போன் வந்தது. அக்கா எழுந்து நின்றுகொண்டே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். மதியத்துக்குள் சான்றிதழ் கைக்கு வந்து, சர்வரில் ஏற்றி, சிங்கப்பூருக்கு மெயிலும் போய்ச் சேர்ந்தது. முதலாளி திரையில் தெரிந்ததை அப்படியே அச்சடித்து, பிரேம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஜொகூரிலேயே மெயில் சர்வர் சான்றிதழுக்குப் பிரேம் போட்ட ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அடுத்த வாரம் இன்னொரு போன் வந்தது. மெயில் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், ஒரு ரகசிய எண் வரும், படித்துச் சொல்லுங்கள் என்றார்களாம். முதலாளியின் மெயிலுக்கான எண்கள் அக்காவிடம் இருந்த ஆபீஸ் கைப்பேசிக்குத்தான் வரும். அதையெல்லாம் தட்டிக்கொண்டிருக்க முதலாளிக்குப் பொறுமை கிடையாது. நான் சொன்னபடியே அக்கா ஒன்றையும் மறைக்காமல் படித்துச் சொன்னார். அந்த எண்ணை வைத்து முதலாளியின் மெயிலுக்குள் புகுந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் முதலாளியின் பெயரில், எங்கள் புத்தம்புதுச் சான்றிதழ் போட்ட சர்வரிலிருந்தே, திறந்தால் கம்ப்யூட்டரை முடக்கிவிடும் கோப்போடு சிங்கப்பூருக்குப் போலிக் கடிதம் போனது. நம்பி வாங்கினார்கள், நம்பித் திறந்தார்கள். ஆர்டர் போயிற்று. பட்டறையில் இரண்டு பேருக்கு வேலையும் போயிற்று.

"யாரு ஒன்ன நம்பரச் சொல்லச் சொன்னது?" என்று முதலாளி கத்தினார்.

அக்கா ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். "எனக்குத்தான் புத்தி இல்ல மொதலாளி," என்றார். நான்தான் சொல்லச் சொன்னேன் என்பது அவர் வாயிலிருந்து வரவில்லை. என் வாயிலிருந்தும் வரவில்லை. மாதக் கடைசியில் அவரை நிறுத்திவிட்டார்கள். காஹாங்கில் தங்கை வீட்டோடு போய் இருந்துகொண்டார்.

இப்போது அந்தச் சர்வரில் இருப்பது இலவசச் சான்றிதழ்தான். தன்னாலேயே புதுப்பித்துக்கொள்கிறது, யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. காலாவதியான பெரிய சான்றிதழ் மட்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் இன்னும் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் முதலாளி மேல் எரிச்சல் எரிச்சலாக வரும். வந்த வேகத்தில் என் மேலேயே திரும்பிவிடும். அந்த மனுஷியிடம் ஒரு மன்னிப்புக் கேட்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. வெட்கக்கேடு.

போன வாரம் அதே மேசைத் தொலைபேசியிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். சீட்டு இருந்த இடத்தில் செலோடேப்பின் மஞ்சள் கறை அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் "ஹலோ" என்றது அதே குரல்.

"அக்கா, நான்தான், ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்குற தம்பி. உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்க்கா."



"சாலா நொம்போர்," என்று சொல்லி வைத்துவிட்டார்.