காலி வீட்டின் முன்னால் நாற்பது அடி

அமெரிக்காவில், பஃபலோ நகரின் கிழக்குப் பக்கத்தில், எவ்வளவு பனி கொட்டினாலும் காலை ஏழு மணிக்கெல்லாம் மார்லீன் டூடெக் வீட்டு நடைபாதையில் சிமெண்ட் தெரியும். அவரவர் வீட்டு முன்பக்கத்தை ஒன்பது மணிக்குள் அவரவர் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று நகராட்சி சொல்கிறது. மார்லீனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். பெரிய தட்டில் வெந்த கேக்கை நூற்றிருபது பிள்ளைகளுக்கு ஒரே அளவாக வெட்டிப் பழகிய கை. ஷவலால் பனி அள்ளும்போதும் அந்தக் கை அப்படித்தான் போகும். தன் எல்லை முடியும் இடத்தில் பனியைச் சுவர்போல நேராக வெட்டி நிறுத்திவிடுவாள்.

எல்லைக்கு வலதுபுறம் காலி வீடு. அங்கிருந்தவர்கள் கிளம்பிப் போய் மூன்று வருடமாகிறது. இப்போது யார் பேரில் இருக்கிறது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அதன் முன்னால் யாரும் பனி அள்ளுவதில்லை. அதற்கடுத்தது, தெருமுனையில், கேஸ் வோய்டாலாவின் வீடு. அவனிடம் பனி அள்ளும் மெஷின் உண்டு. அவன் வீட்டருகில்தான் பஸ் நிற்கும்.

மார்லீனுக்கு இடதுபுறம் டெல்பர்ட் ஹைன்ஸ். இரும்பு ஆலையில் இரண்டு கால்களையும் இழந்தவன். ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுக்கும் வேலை. தன் வீட்டு முன்பக்கத்தைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குட்டை ஷவலால் தானே தள்ளுவான். பிறகு மார்லீன் வீட்டு நடைபாதை வழியாக வருவான். காலி வீட்டுப் பனி மறிக்கும் இடத்தில் அவளுடைய கார்ப்பாதை வழியாக ரோட்டில் இறங்கி, கேஸ் வீட்டருகே மறுபடி ஏறிக்கொள்வான். மூன்று குளிர்காலமாக அப்படித்தான்.

அந்த ஜனவரிக் காலையிலும் வந்தான்.

"என்ன மார்லீன், ஸ்கேல் வெச்சு வெட்டினியா? மேல கிரீம் தடவல?"

"பஸ் போயிடும். பேசாம கிளம்பு."

"சக்கரம் வழுக்காம ஒரு செயின் மாட்டி விடேன்."

"உன் வாய்க்குத்தான் மாட்டணும்."

சிரித்துக்கொண்டே ரோட்டில் இறங்கினான். அவள் கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் காபி ஊற்றினாள். வெளியே கனமான பலகை ஒன்று விழுந்ததுபோல் சத்தம் கேட்டது. முனையில் திரும்பிய கார் ஐஸில் வழுக்கி அவன்மேல் மோதியிருந்தது. அவள் கோட்டுப் போடாமல் ஓடினாள். டெல்பர்ட்டின் கண் திறந்துதான் இருந்தது. மூச்சு இல்லை.

வந்த போலீஸ்காரனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

"நடைபாதை இருக்கும்போது அவர் ஏம்மா ரோட்டுல போனாரு?"

"அந்த வீட்டு முன்னாடி யாரும் பனி அள்ளல."

"அது யார் வீடு?"

"காலி வீடு."

"உங்க பக்கம்?"

"என்னோடது இங்கயே முடிஞ்சிடுது."

எழுதிக்கொண்டான். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. உள்ளே வந்தபோது காபி ஆறிப்போயிருந்தது. குடித்தாள். குடித்தோம் என்பது மறுநாள்தான் அவளுக்கு உறைத்தது.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. டெல்பர்ட்டின் அக்கா வெர்னிஸ் மார்லீனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே மார்லீன்? உங்க நடைபாதை மாதிரி ஊர்லயே கிடையாதுன்னு தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

"ஆமா," என்றாள் மார்லீன். கண்ணில் தண்ணீர் வரவில்லை. தட்டில் வைத்த பன்றி இறைச்சி சாண்ட்விச்சை முழுதாகச் சாப்பிட்டு முடித்தாள்.

அடக்கமாகி நான்காம் நாள் மறுபடி பனி. தன் பக்கத்தை முடித்தாள். எல்லை வந்தது. கை நிற்கவில்லை. அடியில் கிடந்த பழைய பனி கல்லாகியிருந்தது. ஐஸ் உடைக்கும் கம்பியை எடுத்துவந்து கொத்தினாள். இரண்டு மணி நேரத்தில் பாதிதான் ஆனது. விரல்கள் மரத்துப்போயின. அவையும் அவளுக்கு வேறு யாருடையவையோ போலிருந்தன.

கேஸ் வாசலுக்கு வந்து நின்றான்.

"என்னம்மா, அந்த வீட்டை வாங்கிட்டியா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு? நாளைக்கு எவனாவது வழுக்கி விழுந்தா, நீ கை வெச்சதாலதான்னு உன்னையே கோர்ட்டுக்கு இழுப்பான்."

"இழுக்கட்டும்."

கேஸ் போகவில்லை. பூட்ஸ் முனையால் பனியை உதைத்தான்.

"என் மெஷினுக்கு அஞ்சு நிமிஷ வேலை. டெல்பர்ட் ரோட்டுல இறங்கறதைத் தினமும் பார்த்துட்டுத்தான் இருந்தேன். அவனும் ஒரு வார்த்தை கேக்கலையே, மார்லீன்."

"கேக்கல."

அவன் உள்ளே போனான். அவள் மிச்சத்தைக் கொத்தினாள்.

அடுத்த பனிக்கு அவள் வெளியே வருவதற்குள் கேஸ் பக்கத்திலிருந்து பாதிவரை மெஷின் ஓடியிருந்தது. மறுபாதியை அவள் முடித்தாள். குளிர்காலம் முடியும்வரை அப்படியே நடந்தது. அதைப்பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

ஏப்ரலில், கடைசிப் பனி விழுந்த அன்று, அரிசோனாவிலிருந்து மகள் ஜோலீன் கூப்பிட்டாள்.

"இங்க வந்துடேம்மா. இங்க பனியே கிடையாது."

"பார்க்கலாம்."

"டெல்பர்ட்டுக்காக அழுதியா, இல்லையா? ஒரு தடவை அழுதுட்டா நல்லதும்மா."

"அழுகை வரலைடி."

போனை வைத்துவிட்டு ஜன்னலருகே நின்றாள். முன்பின் தெரியாத பெண் ஒருத்தி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். மார்லீன் வீட்டைத் தாண்டி, காலி வீட்டைத் தாண்டி, ரோட்டில் இறங்காமல் முனைவரை நடந்தாள். அவள் திரும்பி மறையும்வரை மார்லீன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது தோன்றும் என்று இன்னும் சற்று நேரம் நின்றாள். பிறகு உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள்.