கிட்டாரோடு வந்த பெட்டி

என் மகளுக்குப் பதினாறு வயது நடந்தபோது அவளுக்கு ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் கொடுத்தேன். தேர்ந்தெடுத்தது அவள். தடுத்திருக்க வேண்டியவள் நான்.

எழுபதுகளின் கடைசி அது. நான் திருவனந்தபுரத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். கணவருக்கு மதுரையில் ரயில்வே வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்துபோவார். வீட்டில் நானும் மகளும்தான். இரண்டு வருடமாக ஓர் இரவல் மரக் கிட்டாரில் வாசித்துக்கொண்டிருந்தாள். ரேடியோவில் ஒரு தடவை கேட்டதை மறு தடவை கையில் கொண்டுவந்துவிடுவாள். அவள் வாசிப்பைக் கேட்ட ஒரு கல்லூரிக் குழு தங்களோடு சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது. சொந்தமாக எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

முதலில் கிழக்கேகோட்டையில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த புது கிட்டாரை அவள் வாசிக்கவே இல்லை. துப்பாக்கியால் குறிபார்ப்பதுபோல அதன் அடிப்பக்கத்தில் கண்ணை வைத்துக் கழுத்தின் நீளத்துக்கும் பார்த்தாள்.

"கழுத்து வளைஞ்சிருக்கு அம்மா. கம்பி இவ்வளவு உயரத்துல நின்னா விரல் போய்ச் சேரவே நேரமாகும். இது வேண்டாம்."

"ஏட்டி, பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

"பார்க்கதுக்குப் போதும். வாசிக்கதுக்குப் பத்தாது."

அடுத்த வாரம், எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த மலையாளத்துப் பெண் ஒரு தகவல் சொன்னாள். "கோட்டைக்குள்ள அக்ரஹாரத்துல ஒரு வீட்டுல நல்ல கிட்டார் இருக்கு சேச்சி. வெளிநாட்டுச் சாதனம். ரெண்டு வருஷமா யாரும் தொடல்ல." ஏன் தொடவில்லை என்று கேட்பதற்குள் அவள் போர்டில் விளக்கு எரிந்தது. திரும்பிக்கொண்டாள். நானும் பிறகு கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போனோம். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கியிருந்தது. வீட்டுக்காரர் மராமத்து இலாகாவில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான, வார்த்தையை எண்ணிப் பேசுகிற மனிதர். முன்னறையை ஒட்டியிருந்த ஓர் அறையின் பூட்டைத் திறந்தார். நாப்தலின் வாசனை முகத்தில் அடித்தது. சுவர் ஓரத்தில் சிவப்பு கிட்டார் சாத்தியிருந்தது. பக்கத்தில் சூட்கேஸ் அளவில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி.

மகள் கிட்டாரை எடுத்து மடியில் வைத்து முதலில் கழுத்தைப் பார்த்தாள். பிறகு மின்சாரம் இல்லாமலே கம்பியைக் கட்டம் கட்டமாக அழுத்தி மீட்டி, மரத்தில் காதை வைத்துக் கேட்டாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அவர் பெட்டியை ஆன் செய்தார். லேசான உறுமல் எழுந்தது. மகள் கம்பியில் கை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. எறும்பு கடிச்ச மாதிரி."

அவர் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்தார். "இதப் போட்டுக்கோ குழந்தே. போட்டுண்டா ஒண்ணும் பண்ணாது. இந்த ஆத்துக்குள்ள செருப்புப் போட அவன் ஒருத்தனுக்குத்தான் அனுமதி."

ஆண்பிள்ளைச் செருப்பு. அவள் பாதம் அதில் பாதிதான் இருந்தது. போட்டுக்கொண்டு வாசித்தாள். அதுவரை அவள் கையிலிருந்து அப்படி ஒரு நாதம் வந்து நான் கேட்டதில்லை. ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தினால் அது அணையாமல் நின்றது. அப்போது உள்ளே ஒரு கதவு சாத்தி, தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"மாமிக்குத் தலைவலி" என்றார்.

"கிட்டார் உங்க மகனோடதா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"அவரு எங்க இருக்காரு?"

"இல்லை" என்றார்.

ஊரில் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். கிட்டார் மட்டும் போதும், பெட்டி வேண்டாம் என்றேன். "ரெண்டும் சேர்த்துத்தான். பிரிக்கப்படாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் கிட்டாரைக் கீழே வைக்கவே இல்லை. இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

திங்கட்கிழமை பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டாள், "வாங்கியாச்சா சேச்சி? பாவம், அந்த வீட்டுப் பையன் கிட்டார் இருந்த முறியிலதான் மரிச்சுக் கிடந்தது. பத்தொம்பது வயசு. ஹார்ட்டுன்னு டாக்டர் சொன்னாராம். அப்பாதான் பார்த்தது."

எறும்பு கடிச்ச மாதிரி என்று மகள் சொன்னதே காதில் நின்றது. நேராக எங்கள் எக்ஸ்சேஞ்ச் மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். மழையில் ஊரெல்லாம் லைன் பழுது, அவருக்கு நிற்க நேரமில்லை. "வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் அந்தப் பெட்டிய ஆன் பண்ண வேண்டாம், கேட்டோ?" என்றார்.

மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். புதன்கிழமை ஒத்திகை. கிட்டாரை மட்டும் கொண்டுபோவதாகவும், குழுவின் பெட்டியில் வாசிப்பதாகவும் சொன்னாள். அப்படித்தான் கிளம்பியும் போனாள்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு சூப்பர்வைசர் என் தோளைத் தொட்டார். "உங்களுக்குத்தான் கால்." மறுமுனையில் டிரம்ஸ் வாசிக்கிற பையன். அழுதுகொண்டே பேசினான். அவர்களுடைய பெட்டி கெட்டுப்போயிருக்கிறது. ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுப் பெட்டியை எடுத்துவந்திருக்கிறார்கள். ஒத்திகை நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் குத்துவிளக்கு இருப்பதால் செருப்பைக் கழற்றச் சொல்லியிருக்கிறார் காவல்காரர். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துத் தரை ஈரம். மகள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறுகையால் மைக் ஸ்டாண்டை நகர்த்தியிருக்கிறாள். அதற்குமேல் இரண்டு கையையும் அவளால் விட முடியவில்லை. இந்தப் பையன்தான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கியிருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் அவள் கண் திறந்திருந்தது. இடதுகை விரல்களில் கம்பிகள் பதிந்த இடமெல்லாம் கறுத்து, கோடு கோடாக வெந்திருந்தது.

"கத்துறேன்னுதான் நெனச்சேன் அம்மா. சத்தமே வரல்ல."

வியாழக்கிழமை மெக்கானிக் சொன்னபடி வந்தார். மண்டபத்திலிருந்து பையன்கள் கொண்டுவந்து போட்டிருந்த பெட்டியைத் திருப்பி மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு பச்சை ஒயரை எடுத்துக் காட்டினார். நுனியில் நேர்த்தியாக டேப் சுற்றியிருந்தது.

"இது எர்த். கரண்ட் கசிஞ்சா பூமிக்குப் போகவேண்டிய வழி. தன்னால அறுந்ததில்ல. யாரோ கத்திரி வச்சு வெட்டியிருக்கு."

மறுநாள் காலை நான் மட்டும் அந்த வீட்டுக்குப் போனேன். சொல்லவேண்டிய வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே தயார்செய்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தவரிடம் உட்காராமலே நடந்ததைச் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"குழந்தைக்கு?"

"உயிரோட இருக்கா."

"செருப்பு போட்டுண்டிருக்கலையா?"

"மேடையில கழட்டச் சொல்லிட்டாங்க. அது கிடக்கட்டும் சார். பெட்டிக்குள்ள ஒரு ஒயர வெட்டியிருக்கு. யார் வெட்டினது?"

"நான்தான்" என்றார், எதையும் மறைக்கிறவர் மாதிரி இல்லாமல். "பெட்டிய டேப் ரெகார்டரோட சேர்த்தா ஒரே இரைச்சல். மாமியால தாங்க முடியல, சண்டை போடுவா. மூணாவது ஒயர எடுத்தா நின்னுடும்னு தோணித்து. எடுத்தேன், நின்னுடுத்து. அவனுக்கு அன்னிக்கு என்ன சந்தோஷம் தெரியுமோ? அப்பறம் ரெண்டு வாரம்கூட..."

அவர் பார்வை அந்த அறையின் சிமெண்ட் தரைக்குப் போனது.

"நான் பார்க்கறச்சே அவன் கால்ல செருப்பு இல்லை" என்றார் மெதுவாக. "செருப்பு ரெண்டும் கட்டிலுக்கு அடியில இருந்தது." பிறகு என்னைப் பார்த்தார். "டாக்டர் ஹார்ட்டுன்னார். ஹார்ட்தானே?"

உள்கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

"ஹார்ட்தான்" என்றேன். "எங்க விஷயம் வேற. மண்டபத்துல ஒரே தண்ணி."

அவர் தலையசைத்தார். நான் படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகும் அவர் அந்தத் தரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆவணியில், அந்த வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் எங்கோ போய்விட்டதாகப் பக்கத்து நாற்காலிப் பெண் சொன்னாள். எங்கே என்று அவளுக்கும் தெரியவில்லை.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டவளுக்குக் கோபம் வந்தது. "எதுக்கம்மா பொய் சொன்னே? அவருக்கு உண்மை தெரிய வேண்டாமா?"

"அவருக்குத் தெரிஞ்சுபோச்சுட்டி. அந்த மாமி தெரிஞ்சுக்க வேண்டாம்னு நெனச்சேன்."

பெட்டியை மெக்கானிக் துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டுவிட்டார். கிட்டாரையும் தொலைத்துத் தலைமுழுகிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். அவள் விடவில்லை. விரல்களில் புதுத்தோல் வளர மூன்று மாதம் ஆயிற்று. வளர்ந்த மறுநாளே அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வேறு பெட்டி வாங்கினோம். அதை மெக்கானிக் இரண்டு தடவை சோதித்துக் கொடுத்தார்.

தை மாதம் அவளுடைய முதல் மேடை. குழுவினர் முன்வரிசையில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். நான் மேடைக்குப் பக்கவாட்டில், மெயின் சுவிட்ச் இருக்கிற சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன். சுவிட்சின் மேல் கை வைத்து, அவள் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சபை இரண்டு தடவை கைதட்டி இன்னொரு முறை வாசிக்கச் சொன்னதாம். அவள் என்ன வாசித்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.