ஹனோயில் என் நாத்தனார் பேசிய வார்த்தைகள்

என் நாத்தனார் பெரம்பலூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். போன வருஷம் நாங்கள் இருவரும் ஒரு டூர் கூட்டத்தோடு வியட்நாம் போனோம். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். அரியலூரில் நான் எந்தப் புடவையை எடுத்து வைப்பது என்று குழம்பிக்கொண்டிருந்த நாட்களில், அவள் மிஷின் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, தைத்துக்கொண்டே அந்த ஊர் வார்த்தைகளைச் சொல்லிப் பழகியிருக்கிறாள்.

"அதான் கைடு இருக்காருல்ல, நீ எதுக்கு மெனக்கெடுற?" என்று கேட்டேன்.

"அவங்க ஊருக்குப் போறோம் அண்ணி. ஒரு வணக்கமாச்சும் அவங்க பேச்சுல சொல்ல வேணாமா?"

ஹனோயில் ஒரு மத்தியானம் எல்லோரும் கடைவீதியில் பிரிந்து போயிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். நாங்கள் வாய் திறப்பதற்குள் நூடுல்ஸ் வந்துவிட்டது, மேலே இறைச்சித் துண்டுகளோடு. எங்களுக்குப் புரட்டாசி விரதம். நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கடைக்காரப் பெண்ணிடம், "அன் ச்சய்" என்றாள். சைவம் சாப்பிடுகிறோம் என்று அர்த்தமாம். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. இவள் கொஞ்சமும் கூச்சப்படாமல், குரலை ஏற்றாமல் இறக்காமல் நிதானமாக மறுபடி சொன்னாள். சட்டென்று அந்த முகம் மலர்ந்தது. கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போய், காளானும் கீரையும் போட்டுப் புதிதாகக் கொண்டுவந்தாள்.

ஒரு வாய் சாப்பிட்டதும் என் நாத்தனார், "ங்கொன்" என்றாள். ருசி என்று பொருள். 'ங'வில் தொடங்கும் ஒரு சொல்லை நான் அதுவரை யார் வாயிலும் கேட்டதில்லை. கடைக்காரப் பெண் அடுப்படியில் இருந்தவர்களையும் கூப்பிட்டு, இவளை இன்னொரு முறை சொல்லவைத்தாள். பிறகு எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, இவள் ரவிக்கையின் பூவேலையைத் தொட்டுப் பார்த்தாள். தானே தைத்தது என்று இவள் கையால் தைப்பதுபோல் சைகை காட்டினாள். அதற்கு மேல் இருவருக்கும் வார்த்தை தேவைப்படவில்லை. நான் சாப்பிட மறந்து நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிற முகம்தான்.

மறுநாள் காலை ஹோட்டலில் காபி கொண்டுவந்த பெண்ணிடம் நானே, "காம் அன்" என்று நன்றி சொன்னேன். அவள் நின்று, சிரித்து, நீளமாக ஏதோ பதில் சொன்னாள். ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"நல்லாத்தான் சொன்னீங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "கடைசியில மட்டும் இழுக்காதீங்க."