கடைசித் துண்டும் முழு ஊசியும்

எங்கள் ஊரில் தட்டில் இருக்கும் கடைசித் துண்டு கேக்கை யாரும் முழுசாக எடுக்க மாட்டார்கள். ஒருவர் வந்து பாதியை வெட்டிக்கொள்வார். அடுத்தவர் மிச்சத்தில் பாதி. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில் பிறந்த எங்களுக்கு எதையும் வாங்கிக்கொள்ள அப்படி ஒரு கூச்சம். அதைக் கண்டாலே மார்லிஸ் ட்வைட்டுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர் ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை செய்பவள் அவள். வண்டி ஓட்டுவது நான். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

போன இலையுதிர் காலத்தில் தேவாலய மண்டபத்தில் மதிய விருந்து. தூண்டில் கடை டுவேன் சாதர் காபிக் கோப்பையோடு எழுந்தவர் அப்படியே சரிந்தார். நானும் மார்லிஸும் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி மானிட்டரை மாட்டினால், நாடித்துடிப்பு முப்பத்திரண்டு. ரத்த அழுத்தமும் இறங்கிக்கொண்டிருந்தது. முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியோ ஒரு மணி நேரத் தூரம்.

மார்லிஸ் இதயத்தை வேகப்படுத்தும் அட்ரோபின் ஊசியை எடுத்தாள். டுவேன் அரைக்கண் திறந்தார்.

"அவ்வளவுமா? பாதி போதும் மார்லிஸ். மீதிய வேற யாருக்காச்சும் வை."

"யோவ், இது என்ன எலுமிச்சை கேக்கா? கொஞ்சமாப் போட்டா இதயம் இன்னும் மெதுவாப் போயிடும். முழுசா வாங்கிக்க."

"உனக்கு எதுக்குச் சிரமம்..."

"நீ செத்தாத்தான்யா எனக்குச் சிரமம். பேசாம படு."

மருந்து முழுவதையும் ஒரே மூச்சில் ஏற்றினாள். அது கேட்காவிட்டால் மின்சாரம் கொடுக்க, நெஞ்சில் பட்டைகளையும் ஒட்டிவைத்தாள். இருவரும் திரையையே பார்த்தோம். முப்பத்தாறு. நாற்பத்தைந்து. பிறகு அறுபத்தெட்டு.

"வாயெல்லாம் வறண்டு போச்சு" என்று டுவேன் முனகினார்.

"மருந்து வேலை செய்யுது. அதுக்கும் குறை சொல்லு!" என்றாள். அவள் குரல் உடைந்ததை நான் கேட்காததுபோல் வண்டியைக் கிளப்பினேன்.

ஆஸ்பத்திரியில் டுவேனுக்குப் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள்.

வசந்த கால விருந்தில் வழக்கம்போல் எலுமிச்சை கேக் ஒரு துண்டு மிஞ்சியது. டுவேன் நேரே போய் அதை முழுசாக எடுத்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. கொண்டுவந்து மார்லிஸ் முன்னால் வைத்தார்.

"முழுசா வாங்கிக்க."

மார்லிஸின் கை தன்னால் கத்தியை எடுத்தது. அவளும் இந்த ஊர்க்காரிதானே. டுவேன் கத்தியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சாப்பிட்டு முடித்தாள். எனக்கு ஒரு வாய் தருவாள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தூள்கூட மிஞ்சவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.