இருபது வரைக்கும் என் இந்தி

எனக்கு இந்தி தெரியுமா, தெரியாதா?

சின்னக் கேள்விதான். தமிழைப் பற்றியோ ஆங்கிலத்தைப் பற்றியோ கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவேன். இந்தி என்று வந்தால் மட்டும், கல்யாணமான நாளிலிருந்து வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். அடுத்த மாதம் என் கணவரின் அலுவலகத்துக்குப் பம்பாயிலிருந்து ஒரு மேலாளர் வருகிறார். அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார் என் கணவர். "என் மனைவி உங்களோடு இந்தியிலேயே பேசுவாள்" என்று கடிதமும் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் என்னிடம் சொன்னார்.

"உனக்கும் பேச்சுத் துணையா இருக்கும்லா" என்றார், எனக்கு ஏதோ நகை வாங்கி வந்தவர் மாதிரி.

அதனால்தான் இதை முதலிலிருந்து இந்த மகளிர் பக்கத்துக்கு எழுதுகிறேன். என் கணவர் விளையாட்டுப் பக்கம் இல்லாத எதையும் படிப்பதில்லை. அந்தத் தைரியம்தான்.

ஜப்பான்காரர்கள் இந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் எனக்கு ஒன்பது வயது. இந்திய விடுதலைக்காகத் திரண்டவர்கள் எங்கள் தெருவில் ஒரு கூடத்தில் பிள்ளைகளுக்கு இந்தி வகுப்பு நடத்தினார்கள். நானும் சில மாதங்கள் போனேன். எழுத்துகள், ஒன்று முதல் இருபது வரை எண்கள், தண்ணீர், முன்னே நட, நில், திரும்பு. இவ்வளவுதான் கற்றுக்கொண்டேன். இருபத்தொன்றைச் சொல்லித் தருவதற்குள் ஆசிரியர் படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போய்விட்டார்.

பிறகு பெண் பார்க்க வந்தார்கள். அப்பா என்னைப் பற்றி வரிசையாகச் சொன்னார். ஆங்கிலப் பள்ளியில் படித்தவள், தையல் வரும், சமையல் வரும். மாப்பிள்ளை அதுவரை தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தியும் தெரியும்" என்று அப்பா சொன்னதும் சட்டென்று நிமிர்ந்தார்.

"ரேடியோவில வேகமாப் பேசினாலும் புரியுமா?" என்று கேட்டார்.

மற்ற பெண்களிடம் பாடத் தெரியுமா என்று கேட்பார்கள். எனக்கு இந்தக் கேள்வி. கையில் காப்பித் தட்டு. எதிரே அப்பாவின் முகம். நான் தலையைக் குனிந்தேன். பயத்தில் குனிந்தேன். அவர்கள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். தட்டைக் கீழே வைத்த பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள்.

அவர் ஏன் நிமிர்ந்தார் என்பது கல்யாணத்துக்குப் பிறகு புரிந்தது. இந்தியாவில் கிரிக்கெட் நடந்தால் எங்கள் வீட்டு ஷார்ட் வேவ் ரேடியோவில் வர்ணனை வரும். கொஞ்ச நேரம் ஆங்கிலம், கொஞ்ச நேரம் இந்தி. ஆங்கிலத்தை அவர் கேட்பார். இந்தி வந்தால் என் பக்கம் திரும்புவார். நான் உற்றுக் கேட்பேன். நடுநடுவே வரும் ஆங்கிலச் சொற்கள் புரியும். ஓட்டங்கள் இருபதுக்குள் இருந்தால் அதுவும் புரியும். மற்ற நேரங்களில் "பந்து போட்டான், தடுத்துட்டான்" என்று சொல்லிவிடுவேன். அந்தக் காலத்து நம் ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை அது பத்துக்கு ஒன்பது முறை சரியாகவே இருந்தது. சில சமயம், என்னைவிட அவர்கள்தான் என் மானத்தைக் காப்பாற்றப் பாடுபட்டார்கள் என்று தோன்றும்.

என் மனசு முழுக்க இந்திப் படத்தில்தான் இருந்தது. டோபி காட் பக்கத்துத் தியேட்டரில் புதுப் படம் வந்தால் முதல் வாரமே போய்விடுவோம். அவருக்கு நான் காதோடு காதாக வசனம் சொல்ல வேண்டும். அது கஷ்டமே இல்லை. இந்திப் படத்தில் அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்தால் அப்பா இல்லை என்று அர்த்தம். மழை வந்தால் காதல். கோர்ட்டு வந்தால் இன்னும் கால் மணியில் வீட்டுக்குப் போகலாம். முன்வரிசையில் இருக்கும் மலாய்ப் பெண்கள் கைக்குட்டையை எடுத்தால் யாரோ சாகப் போகிறார்கள். அவர்களுக்கு எப்படித்தான் முன்கூட்டியே தெரியுமோ. எல்லாம் எப்படிப் போனாலும், கடைசியில் நல்லவன் ஜெயிப்பான்.

"பாட்டையெல்லாம் எடுத்துட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்" என்பார் என் கணவர்.

"கிரிக்கெட்ல தடுக்கிறதையெல்லாம் எடுத்துட்டா?" என்று ஒருநாள் கேட்டேன். அன்று இரவு அவர் ரசத்தில் உப்பு இல்லை என்றார். இருக்கிறது என்றேன். உப்பு இருந்தது.

இந்திப் படங்கள் என்னைக் கெடுத்தும் இருக்கின்றன. மூத்தவள் பிறந்ததும் முதலில் மச்சத்தைத்தான் தேடினேன். திருவிழாக் கூட்டத்தில் குழந்தை தொலைந்து, இருபது வருஷம் கழித்துத் தோளில் உள்ள மச்சத்தைப் பார்த்து அம்மா கண்டுபிடிப்பதை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறேன். இவளுக்கு ஒரு மச்சம்கூட இல்லை. இரண்டாவதாகப் பிறந்த பையனுக்கும் இல்லை. தைப்பூசத்தன்று டேங்க் ரோட்டில் மகளின் கவுனை என் முந்தானையோடு முடிச்சுப் போட்டு நடந்தேன். அவள் காவடியைப் பார்க்க ஓட, நான் பின்னாலேயே இழுபட்டேன். யார் யாரைத் தொலைக்கப் பார்த்தோம் என்று தெரியவில்லை.

கிரிக்கெட்டைப் பற்றி எனக்கு இருந்த ஒரே சந்தேகத்தை யாரும் தீர்த்து வைக்கவில்லை. ஐந்து நாள் வெள்ளை உடுப்போடு மண்ணில் விழுந்து புரள்கிறார்கள். அதை யார் துவைக்கிறார்கள்? வர்ணனைக்காரர்கள் காற்றின் திசையைச் சொல்கிறார்கள், இதைச் சொல்வதில்லை.

இனி மீசை விஷயத்துக்கு வருகிறேன்.

என் கணவரோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர். கல்யாணமாகாதவர். இங்கே உறவு என்று யாரும் இல்லாததால் வாரம் இரண்டு நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என்னை அண்ணி என்பார், நான் தம்பி என்பேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தடவை இங்கிலாந்து அணி இந்தியாவுக்குப் போயிருந்தது. என் கணவர் இந்தியா என்றால் தம்பி இங்கிலாந்து என்பார். எதிர்த்துப் பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"இந்தியா ஜெயிச்சா என் மீசையை எடுத்துடறேன்" என்றார் தம்பி.

"இங்கிலாந்து ஜெயிச்சா நான் எடுத்துடறேன்" என்றார் இவர்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்கப் போகணும். போட்டோ அனுப்பியாச்சு. அதுல மீசை இருக்கு" என்றேன் நான்.

"அதுக்கு இந்தியா ஜெயிக்கணும்ல, அண்ணி" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

கடைசி நாள் ஆட்டத்தன்று அலுவலகத்தில் இருவருக்கும் ஏழு மணி வரை வேலை. நாங்கள் அப்போது சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தோம். "நீ கேட்டு வை, ஏழு மணிக்குக் கடைக்குப் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆங்கிலத்தில் வர்ணனை வந்தபோது நான் பையனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அவனைத் துவட்டித் தூக்கிக்கொண்டு ரேடியோவுக்கு வந்தால் இந்தி. எண்களெல்லாம் இருபதை எப்போதோ தாண்டியிருந்தன. திடீரென்று கூட்டம் ஆர்ப்பரித்தது. வர்ணனைக்காரரின் குரல் தழுதழுத்தது. ஒரு நிமிஷம் கைதட்டல். அப்புறம் ஒரு பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

இதுதான் முடிவு என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இந்திப் படம் பார்த்த யாருக்கும் தெரியும். குரல் தழுதழுத்து, கைதட்டி, பாட்டும் வந்துவிட்டால் நல்லவன் ஜெயித்துவிட்டான்.

"அக்கா, போன்" என்று கடைக்காரர் கீழேயிருந்து கூப்பிட்டார். இடுப்பில் பையனும் பின்னால் மகளுமாக இறங்கினேன்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுங்க."

"என்ன ஆச்சு?"

நிச்சயமாகத் தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். மிளகாய் வாங்க வந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெயிச்சாச்சு" என்றேன்.

போனில் அவருக்குப் பின்னாலிருந்து தம்பியின் குரல் கேட்டது. "எத்தனை விக்கெட்டுன்னு அண்ணிகிட்ட கேளுங்க."

"நாலு" என்றேன். அந்த நாலு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. சும்மா ஜெயித்தது என்றிருந்தால் தம்பி சந்தேகப்பட்டிருப்பார். நாலு என்றதும் நம்பிவிட்டார். அவர் பேச்சு மாறாத மனிதர். நேராகக் கெர்பாவ் ரோட்டு முடிதிருத்தும் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பேப்பரில் ஆட்டம் டிரா என்று போட்டிருந்தது. கடைசிப் பந்துகளில் நம் ஆள் ஒருவர் நூறு ஓட்டத்தை எட்டியிருக்கிறார். ஆரவாரம் அதற்குத்தான். ஐந்து நாள் ஆடிவிட்டு யாரும் ஜெயிக்காமல் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு முடிவு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. தோற்றாலும் டிராவானாலும் என் கணவரின் முகம் ஒரே அளவுதான் தொங்கும். நான் எல்லாவற்றையும் தோல்வி என்றே எண்ணியிருந்தேன்.

தம்பி பேப்பரோடு வந்தார். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"அண்ணி, நாலு விக்கெட்டுன்னீங்க" என்றார். கோபமாகக்கூட இல்லை.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நிமிர்ந்தேன். அதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"அவளைச் சொல்லாதே. அவளுக்கு இந்தி தண்ணி பட்ட பாடு. ஷார்ட் வேவ் அலை மாறிப் பழைய மேட்ச் எதையோ போட்டிருப்பான். சரி, நியாயம்னா நியாயம். உனக்கு மட்டும் ஏன் போகணும்? நானும் எடுத்துடறேன்."

எடுத்தும்விட்டார். திரும்பி வந்தவரைப் பார்த்துப் பையன் வீறிட்டான். மகள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா யாரும்மா?" என்றாள். அவள் அப்பாவுக்கு ஏதாவது மச்சம் இருக்கிறதா என்று நான் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கச் சுவா சூ காங் கிராமத்துக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி, பன்றிப் பண்ணைகளைத் தாண்டி மண் பாதையில் நடந்தோம். பெண்ணின் அப்பா பள்ளி ஆசிரியர். கையில் போட்டோவை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். போட்டோவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"இதுல மாப்பிள்ளை யாருங்க?"

"எங்கப்பாவுக்கு மீசை காணோம்" என்று என் மகள் விவரம் சொன்னாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு பேருக்கும் வீட்டில் ஏதாவது துக்கமா என்று மெதுவாகக் கேட்டார். கிரிக்கெட் என்றார் என் கணவர். பெண்ணின் அப்பா போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்களை உள்ளே வரச் சொன்னார். என் கேசரியை மகளின் தட்டில் தள்ளிவிட்டேன். அப்பா அம்மா இல்லாத ஒருவரின் கல்யாணம், நான் சொன்ன ஒரு நாலினால் நின்றுவிடப்போகிறது என்று உட்கார்ந்திருந்தேன்.

நிற்கவில்லை. மறுவாரம் சம்மதம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணே என்னிடம் சொன்னாள். "போட்டோ வந்தப்பவே வேணாம்னுட்டேன் அக்கா. அந்த மீசையைப் பார்த்தா பயமா இருந்துச்சு. அப்பா சும்மா மரியாதைக்கு வரச் சொன்னாரு. நேர்ல பார்த்தா வேற ஆளு." இப்போது தம்பி மறுபடி மீசை வைத்திருக்கிறார். அவளுக்குப் பழகிவிட்டது என்கிறாள்.

இதைக் கேட்டதும் என் கணவர் சொன்னார்: "பாத்தியா, உன் இந்தியாலதான் அவனுக்குக் கல்யாணமே நடந்துச்சு."

அன்றிலிருந்து என் இந்தி இன்னும் பெரிதாகிவிட்டது. அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேசுகிறார். பம்பாய்க்கு எழுதுகிறார். நான் சொன்னதைப் பொய் என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. நினைக்காமலே எனக்காக மீசையை எடுத்துக்கொண்ட மனிதர். அதுதான் என்னை உறுத்துகிறது. இந்தி தெரியாது என்று தெரிந்தால் என்ன சொல்வார் என்று எனக்குப் பயமில்லை. எதுவும் சொல்லாமல், இத்தனை வருஷமாக நான் சொன்ன மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து நினைத்துப் பார்த்தால்? ரசத்தில் உப்பு இருந்தது என்று நான் சொன்னது உள்பட?

மேலாளர் வர இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அவருக்கும் கிரிக்கெட் பைத்தியமாம். நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கலாம், இருபது வரை எண்ணலாம், அதற்கு மேல் அவரை முன்னே நடக்கச் சொல்லலாம்.

இதைப் படிக்கும் சகோதரிகள் தயவுசெய்து ஒரு வழி சொல்லுங்கள். கணவரிடம் இப்போதே சொல்லிவிடலாமா? அல்லது விருந்தன்று தொண்டை கட்டிக்கொண்டது என்று இருந்துவிடலாமா? தொண்டை என்பவர்கள் எந்தக் கஷாயத்தைப் பக்கத்தில் வைத்தால் பார்க்க நம்பும்படி இருக்கும் என்று எழுதுங்கள். சொல்லிவிடு என்பவர்கள், முதல் வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டாவது வாக்கியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.