எலுமிச்சம்பழம் கட்டிய அன்டெனா

என் ஜீப்புக்கு, வண்டிக்கு வண்டி பேசுகிற சி.பி. ரேடியோ பூட்டியபோது நானும் என் கூட்டாளியும் செய்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். இந்த வருடம் சிரிப்போடு கண்ணும் சேர்ந்து கலங்குகிறது.

கூட்டாளிக்குக் குண்டசாலையில் ஹாட்வெயார் கடை. நான் கண்டி டவுனில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். அவன் முஸ்லிம், நான் இந்து. பள்ளிக்கூட நாளிலிருந்து ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஆளுக்கொரு பழைய ஜீப் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், திகனை, தெல்தெனியா தாண்டி ரங்கலைப் பக்கத்து மலைப்பாதையில் ஏறிவிடுவோம். அங்கே இரண்டு வளைவு திரும்பினால் கைபேசி செத்துவிடும். முன்னால் போனவன் சேற்றில் புதைந்து கிடந்தாலும் பின்னால் வருபவனுக்குத் தெரியாது. அதனால்தான் ரேடியோ வாங்கினோம். அனுமதிப் பத்திரத்துக்காக அலைந்தது தனிக் கதை.

ரேடியோப் பெட்டியில் எங்களுக்குள் சண்டை வரவில்லை. அன்டெனாவில்தான் வந்தது. அவனுடைய ஜீப்புக்கு இரும்புக் கூரை. காந்த அடியுள்ள குட்டை அன்டெனா ஒன்றை அதன் நடுவில் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்றான். என் ஜீப்புக்குக் கன்வஸ் கூரை. காந்தம் எதில் ஒட்டும்? முன் பம்பரில் நீட்டு உருக்குக் கம்பியாகப் பூட்டிக்கொண்டேன். "மீன் பிடிக்கவா மச்சான் போற?" என்று ஒரு கிழமை முழுக்கக் கேலி செய்தான்.

கம்பியைப் பூட்டினால் மட்டும் போதாது, நீளம் பார்த்து டியூன் பண்ண வேண்டும். பேச மைக்கின் பொத்தானை அழுத்தும்போது ரேடியோவின் சக்தி வெளியே போகிறதா, திரும்பி வந்து ரேடியோவையே சுடுகிறதா என்று காட்ட ஒரு சின்ன மீட்டர் உண்டு. முள் ஒன்றரைக்குக் கீழே நின்றால் சந்தோஷம். மூன்றைத் தாண்டினால் உடனே மைக்கை விட்டுவிட வேண்டும். கம்பி நீளமாக இருந்தால் கடைசிச் சனலான நாற்பதில் முள் கூடும். குட்டையாக இருந்தால் முதலாம் சனலில் கூடும். இணையத்தில் வீடியோ பார்த்து, சோதனைக்குப் படிக்கிற மாதிரி இதையெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தோம்.

பல்லேகலப் பக்கம் ஒரு வெட்டவெளியில் ஜீப்பை நிறுத்தினேன். ஆள் கிட்ட நின்றால் முள் பொய் சொல்லும் என்பதால் அவன் தள்ளிப்போய் நின்றான். மைக்கை அழுத்தினேன். முள் கடைசி வரை ஓடி முட்டிக்கொண்டு நின்றது. எந்தச் சனலுக்கு மாற்றினாலும் அப்படியே.

"நீளம் கூட," என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி. ஒரு துண்டு நறுக்கினோம். முள் அசையவில்லை. இன்னொரு துண்டு. பிறகு இன்னொன்று. கூட்டாளி பம்பரைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், வாயைத் திறப்பான், மூடுவான். வெயில் தாங்காமல் நெளிகிறான் என்று நினைத்தேன். நாலாவது துண்டையும் வெட்டிவிட்டு அலுத்துப்போய்ப் பம்பருக்கு முன்னால் குந்தினேன். அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

ஆயுத பூசைக்கு என் மனைவி வண்டிக்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தாள். நூல் அறுந்துவிடும் என்று மெல்லிய செப்புக் கம்பியில் கோத்திருந்தாள். காற்றில் ஆடக் கூடாதாம், மேல் முனையை அன்டெனாவின் அடியிலும் கீழ் முனையைப் பம்பர் இரும்பிலும் இறுக்கிச் சுற்றியிருந்தாள். அன்டெனாவில் ஏற வேண்டிய சக்தியெல்லாம் அந்தக் கம்பி வழியே வண்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கம்பியை முழுசாக வெட்டி எறிந்திருந்தாலும் முள் இறங்கியிருக்காது.

"இத நீ பாக்கலியா?" என்று கத்தினேன்.

"கண்டேன் மச்சான். வந்த ஒடனே கண்டேன். ஒங்கட சாமி விசயம் தானே, கழட்டுன்னு நான் எப்படிச் சொல்ற?"

"நாலு துண்டு வெட்டுற வரைக்குமா?"

"சொல்ல வாய் வரல்ல மச்சான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. செப்புக் கம்பியைக் கழற்றியதும் முள் இறங்கியது. இப்போது அன்டெனாதான் குட்டை. அவன் கடைக்கு ஓடி ஒரு சைக்கிள் சில்லுக் கம்பியும், வயர் இணைக்கிற பித்தளைக் கனெக்டரும் கொண்டுவந்து நுனியில் முடுக்கினான். உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, முள்ளை ஒன்றேகாலில் நிற்க வைத்தோம். அன்றிலிருந்து எங்களில் யாராவது ஒன்றைச் சொல்லாமல் மென்று விழுங்கினால், மற்றவன் "எலுமிச்சம்பழத்தக் கழட்டு" என்பான்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் என் வாழ்க்கையின் நல்ல வருடங்கள். ஒவ்வொரு வளைவிலும் அவன் "கேக்குதா மச்சான்?" என்று கேட்பான். "கேக்குது, சொல்லு," என்பேன். சொல்ல அவனிடம் ஒன்றும் இருக்காது. மைக்கை அழுத்திய பிறகுதான் யோசிப்பான். அவன் அழுத்தினாலே என் ரேடியோவின் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். அந்த அமைதிக்குப் பிறகு அட்டை கடித்த கதையோ, சோற்றோடு மாசிக் கருவாட்டுச் சம்பல் கட்டிவந்த கதையோ வரும்.

போன வருடம் அவனுக்குத் தொண்டையில் கட்டி. பேராதனை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது.

பார்க்கப் போகும்போதெல்லாம் நான் கிரிக்கெட் பேசினேன், மழை பேசினேன். குரலைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பயணத்தையும் நிறுத்திவிட்டேன். ரேடியோவைக் கண்டால் அவன் மனம் நோகும் என்று மைக்கைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். அதைப் பெரிய பண்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலையில் அவன் ஜீப் என் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. இறங்கினான். மைக் இல்லாத என் ரேடியோவைப் பார்த்தான். கடை பில் புத்தகத்தை எடுத்து, எதையோ எழுதி, என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"எலுமிச்சம்பழத்தக் கழட்டு."

கேட்டிலேயே நின்று அழுதேன். அவன் என் முதுகில் ஒன்று போட்டுவிட்டு, தன் ஜீப்பிலிருந்து மீட்டரை எடுத்துவந்தான். அலுமாரியில் இருந்த மைக்கைக் கொண்டுவந்து மாட்டினேன். பழைய சில்லுக் கம்பி துருப்பிடித்திருந்தது. புதிய கம்பி ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தான். முன்பு போலத் தள்ளி நின்று, உள்ளே தள்ளு, வெளியே இழு என்று விரலால் காட்டினான். முள் ஒன்றேகாலில் நின்றது.

ரங்கலைப் பாதையில் நான் முன்னால், அவன் பின்னால். இரண்டாவது வளைவில் அவன் ஜீப் என் பக்கக் கண்ணாடியிலிருந்து மறைந்தது. ரேடியோவில் வெறும் இரைச்சல். மைக்கைக் கையில் எடுத்தேன். பேச முடியாதவனிடம் என்ன கேட்பது? எப்போதும் அவன் கேட்கிற கேள்வியை அன்றைக்கு நான் கேட்டேன்.

"கேக்குதா மச்சான்?"

மைக்கை விட்டேன். மறுபடியும் இரைச்சல். பிறகு அது சட்டென்று அடங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் அவன் மைக்கை அழுத்திப் பிடித்திருந்தான். விடவே இல்லை. ஜீப்பை ஓரங்கட்டி, அவன் கை எடுக்கும் வரை அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கேக்குது," என்றேன். "சொல்லு."