ஒரு சாண் தொய்வு

கோர்படி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் என் தார்ப்பாய்க் கடையை நான்தான் கட்டினேன். அதற்குப் பின்னால் கிடங்கையும் நானே கட்டினேன். பட்டாளத்துக்காரர்களுக்குக் கூடாரம் தைத்தேன், அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பந்தல் போட்டேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், மராத்தியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாமல் இந்த ஊரில் இறங்கியவன், மூன்று பெண்களையும் படிக்க வைத்து நல்ல இடத்தில் கொடுத்தேன். இவனால் ஆகாது என்று சொன்னவர்கள் பிற்பாடு என்னிடமே பந்தலுக்கு வந்தார்கள். இத்தனையும் கட்டிய கையால் ஒரு நாற்காலியும் செய்தேன். தேக்குச் சட்டத்தில் கேன்வாஸ் மாட்டிய சாய்வு நாற்காலி. அதில் சாய்ந்துகொண்டு பாடித்தான் எங்கள் ரயில்வே காலனித் தம்பி ஊர் உலகமெல்லாம் தெரிந்த பாடகன் ஆனான். உலகம் அவனை ‘அவர்’ என்கிறது. எனக்கு அவன் தம்பிதான்.

அவன் முதலில் அதில் உட்கார்ந்தது மாதா கோவில் திருவிழாவில், பந்தல் என்னுடையது. மழைக்காலம் முடிந்திருக்கவில்லை. என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கேன்வாஸ் நனைந்தால் சுருங்கும். அதனால் மழைக்காலத்தில் தைக்கும் நாற்காலிக்கு ஒரு சாண் துணியை அதிகம் விடுவேன். இரண்டு மழை பட்டால் சரியான அளவுக்கு வந்து நிற்கும். அந்த வருஷம் பார்த்து வானம் பொய்த்தது. தம்பியோ பந்து விளையாடிக் கணுக்கால் பிசகி, கிட்டாரோடு நொண்டிக்கொண்டு வந்தான். மடக்கு நாற்காலியெல்லாம் கூட்டத்துக்குப் போய்விட்டது. டெம்போவில் கிடந்த புது சாய்வு நாற்காலியை எடுத்து மேடையில் போட்டேன். உட்கார்ந்தவன் அப்படியே உள்ளே போய்விட்டான். முட்டி இரண்டும் தாடைக்கு வந்தது, எழுந்திருக்க முடியவில்லை. கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த அவன் அம்மா, மாதாவுக்கு முன்னால் படுத்துக்கொண்டு பாடுகிற மூதியை நான் பெற்றேனே என்று எல்லாருக்கும் கேட்கத் திட்டினாள். அவன் பதறவில்லை. தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடி, வீட்டு முற்றத்தில் கிடப்பவன் மாதிரி பாட ஆரம்பித்தான். இரண்டாவது பாட்டுக்குச் சிரிப்பு நின்றது. மூன்றாவது பாட்டில் திட்டிய அம்மாவே தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றான். “அண்ணாச்சி, அந்த நாற்காலிய மழையில போட்ராதீங்க. அந்த ஒரு சாண் அப்படியே இருக்கட்டும்” என்றான். அவனுடைய மூளையை அன்றைக்கே நான் மெச்சினேன். வேறு யாராவது என்றால் மேடையில் மானம் போயிற்று என்று சண்டைக்கு வந்திருப்பார்கள். அவனோ சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்பதைக் கவனித்திருக்கிறான்.

அவனைச் சோம்பேறிப் பாடகன் என்று கொண்டாடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவனைப் போல உழைத்தவனை நான் பார்த்ததில்லை, என்னைத் தவிர. மல்லாந்து கிடந்து பாடினால் மூச்சு பாதியில் அறுந்துபோகும். அதைச் சரிக்கட்ட என் கிடங்குக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து, வயிற்றின் மேல் தார்ப்பாய்ச் சுருளை ஏற்றி வைத்துக்கொண்டு பாடிப் பழகினான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டும். மேடையில் ஏறினால் இப்போதுதான் தூங்கி எழுந்தவன் போல ஒரு கொட்டாவி. அந்தக் கொட்டாவியையும் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்தான். பாட்டு பிடித்தவர்களுக்கு அவன் உட்கார்ந்திருந்த தினுசும் பிடித்தது. அந்தத் தினுசையே வியாபாரமாக்கினான். தொளதொள சட்டை விற்றான், செருப்பு விற்றான், ஆற அமர உட்கார்ந்து டீ குடிக்கக் கடைகள் திறந்தான். பிறகு அந்த நாற்காலியையே செய்து விற்றான். தொழிற்சாலை வைக்கும்போது என்னிடம் வந்து, என் கையை விரிக்கச் சொல்லி, ஒரு மரப்பட்டியில் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் கோடு போட்டு எடுத்துப்போனான். இன்றைக்கும் அங்கே துணி வெட்டுவது அந்த அளவில்தான். என் கைச்சாண்.

இந்த வருஷம் ஹடப்சரில் புது ஆபீஸ் திறந்தான். அழைப்பு வந்தது, பேத்தியோடு போனேன். நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பழைய நாற்காலி. கேன்வாஸ் பழுத்துப்போயிருந்தாலும் தொய்வு அப்படியே இருந்தது. கீழே இருந்த ஆங்கிலப் பலகையைப் படிக்கச் சொன்னேன். பேத்தி ஹிந்தியும் தமிழுமாகத் தடுமாறி, “தாத்தா, இது கோவா பீச்ல படா ஹுவா, சும்மா கெடந்து கெடச்சதாம்” என்றாள். பெட்டிக்குக் கிட்டே போனேன். காவலாளி ஓடிவந்து, “ஆஜோபா, ஹாத் லாவூ நகா” என்றான். நான் செய்த பொருளைத் தொடக் கூடாது என்று எனக்கே சொல்கிறான்.

தம்பி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். எல்லார் முன்னாலும் காலைத் தொட்டான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோவாவுக்கும் இதற்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டேன். காதோடு சொன்னான்: “சோம்பேறிக்கு நாற்காலி தானாக் கெடச்சாத்தான் அழகு, அண்ணாச்சி. ஒருத்தர் குத்தவச்சுத் தச்சாருன்னு சொன்னா அதுல வேலை வந்துருதுல்லா.”

வியாபாரம் தெரிந்தவன் பேச்சு. அவன் இடத்தில் இருந்தால் நானும் கடற்கரையைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் இருப்பது என் இடத்தில். வீட்டுக்கு வந்ததும் பேத்தி, “நெஜமா நீங்கதான் செஞ்சீங்களா தாத்தா?” என்று கேட்டாள். மற்றவர்கள் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவள் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே எழுதுகிறேன். தம்பி இதைப் படிப்பான், யாராவது படித்தாவது காட்டுவார்கள். அவன் பாட்டில் எனக்குப் பங்கு வேண்டாம், அது அவன் மூச்சு. அந்தக் கண்ணாடியைத் திறந்து, என் கையை அந்தத் தொய்வின் மேல் விரித்துவைக்கச் சொல்லட்டும். வயதாகிவிட்டாலும் சாண் சுருங்கவில்லை, பொருந்தும். பொருந்தினால் கோவாவை அழித்துவிட்டு, கோர்படியில் தைத்தது என்று எழுதி அதன் கீழே என் பெயரைப் போட வேண்டும். ஆங்கிலத்திலேயே போடட்டும். என் பேத்திக்கு அதுதான் படிக்க வரும்.